நிலத்தெழுத்தும் மினுங்கும் விளக்கும்

கொச்சியின் மட்டாஞ்சேரி யூதத் தெருவின் கோடியில், பரதேசி தொழுகைக்கூடத்தை ஒட்டி ஒரு மணிக்கூண்டு நிற்கிறது. தொழுகைக்கூடம் 1568-இல் எழுந்தது. மணிக்கூண்டை 1760-இல் கட்டுவித்தவர் எசக்கியேல் ரஹாபி. டச்சுக் கம்பெனிக்கும் கொச்சி அரசருக்கும் நடுவில் நின்று மிளகு வாணிகம் பேசிய பெருவணிகர். கூண்டின் எல்லா முகங்களிலும் எண்கள் ஒரே எழுத்தில் இல்லை. ஒன்றில் எபிரேயம், இன்னொன்றில் ரோமன். மலையாளமும் கொங்கணியும் குஜராத்தியும் தமிழும் ஒரே கடைவீதியில் புழங்கிய ஊருக்கு அது பொருத்தமான ஏற்பாடு. அண்ணாந்து பார்ப்பவர் தமக்குத் தெரிந்த எழுத்தில் பொழுதைத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் உள்ளே சுழலும் பல்சக்கரத்தைத் திறந்து, எண்ணெயிட்டு, சரிசெய்யத் தெரிந்தவர்கள் எந்த ஊர் மணிக்கூண்டுக்கும் ஓரிருவர்தான். பொறிகளின் வரலாறு நெடுக இந்த இடைவெளி இருக்கிறது. பொறியின் பயன் ஊர் முழுவதற்கும் விரைவில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. பொறிக்குள் கை வைக்கும் உரிமையோ தலைமுறைகள் கடந்துதான் பரவுகிறது.

அந்த உரிமை பரவிய கதையில் 2025 ஜூன் ஒரு முக்கியமான மாதம். அந்தக் கல்வியாண்டில் கேரளத்தில் பத்தாம் வகுப்பு படித்த ஏறத்தாழ 4.3 லட்சம் பிள்ளைகளுக்கும் ரோபோட்டிக்ஸ் பாடமாயிற்று. தகவல் தொழில்நுட்பப் பாடநூலில் அதற்கென ஓர் அத்தியாயம் வந்தது. ஆர்டுவினோ போர்டு, பிரெட்போர்டு, அகச்சிவப்பு சென்சார், சர்வோ மோட்டார், ஜம்பர் ஒயர்கள் அடங்கிய பெட்டிகள் பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. ஆர்டுவினோவைக் கையில் எடுப்பவர் உலகின் எந்த மூலையில் இருந்தாலும் முதலில் எழுதிப் பார்ப்பது ஒரு சிறு விளக்கை மினுங்க வைக்கும் நிரலைத்தான். ஒரு நொடி எரியும், ஒரு நொடி அணையும். இதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குபவர்கள் உண்டு. என் கருத்தில் இது மிகப் பழைய ஒரு மரபின் புதிய வடிவம். கைக்கும் பொருளுக்கும் நடுவே வழி திறந்திருக்கிறது என்று ஒரு பிள்ளைக்குக் காட்டுவதுதான் எந்த முதல் பாடத்தின் வேலையும். ஆகவே ஒரு முதல் பாடத்தை மதிப்பிட, அது எவ்வளவு கற்பித்தது என்று கேட்பதைவிட, யாருக்கெல்லாம் கிடைத்தது என்று கேட்பதே சரி.

முதலில் அந்த நிரலைப் பார்ப்போம். ஆர்டுவினோ ஊனோ போர்டில் இருக்கும் ஏடிமெகா 328பி என்ற சில்லில் 32 கிலோபைட் நினைவகம் உண்டு. அதன் கடிகாரம் நொடிக்கு 1 கோடியே 60 லட்சம் முறை துடிக்கிறது. நிரலில் இரண்டு பகுதிகள். 'செட்டப்' என்ற பகுதி மின்சாரம் வந்ததும் ஒரே ஒருமுறை ஓடும்; 13 என்று எண்ணிட்ட முனை வெளியே மின்சாரம் தரப் போகிறது என்று சில்லுக்கு அறிவிக்கும். 'லூப்' என்ற பகுதி மின்சாரம் இருக்கும் வரை திரும்பத் திரும்ப ஓடும். முனையை உயர்த்து, 1000 மில்லிநொடி பொறு, முனையைத் தாழ்த்து, மீண்டும் 1000 மில்லிநொடி பொறு. அவ்வளவுதான். ஆனால் விளக்கு மினுங்குவதற்குள் எத்தனை காரியம் நடந்து முடிந்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். தட்டச்சு செய்த வரிகளில் ஓர் அரைப்புள்ளிகூட விடுபட்டிருக்கக் கூடாது. கம்பைலர் அவற்றைச் சில்லின் மொழிக்கு மாற்ற வேண்டும். கணினி போர்டை அடையாளம் காண வேண்டும். யுஎஸ்பி ஒயர் நல்லதாக இருக்க வேண்டும். சில்லில் முன்பே குடியிருக்கும் பூட்லோடர் புதிய நிரலை வாங்கி நினைவகத்தில் பதிக்க வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் விளக்கு மினுங்காது. மினுங்கினால் அத்தனை கண்ணிகளும் சரி என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். கெர்னிகனும் ரிச்சியும் 1978-இல் எழுதிய சி மொழி நூல் ஒரு வாழ்த்துத் தொடரைத் திரையில் அச்சிடும் நிரலோடு தொடங்கியதும் இந்தக் காரணத்தால்தான். முதல் நிரலில் பொருட்செறிவு குறைவாக இருப்பது வேண்டுமென்றே செய்தது. வழியைச் சோதிக்கும்போது சுமை இலேசாக இருக்க வேண்டும்.

கேரளம் இதை நெடுங்காலமாக அறிந்திருக்கிறது. விஜயதசமி அன்று இரண்டு மூன்று வயதுக் குழந்தையைப் பெரியவர் மடியில் இருத்தி, அதன் விரலைப் பற்றித் தாம்பாளத்து அரிசியில் எழுத வைப்பதை எழுத்தினிருத்து என்கிறார்கள். 'ஹரிஸ்ரீ' என்று தொடங்குவதால் தொடக்கத்துக்கே ஹரிஸ்ரீ என்று பெயராயிற்று; நம் அரிச்சுவடியின் 'அரி'யும் அதுவே என்பார்கள். இன்று கோயில்களில் மட்டுமல்லாமல் தேவாலயங்களிலும் நூலகங்களிலும் பத்திரிகை அலுவலகங்களிலும் இது நடக்கிறது. இதற்குப் பின் வருவது ஆசான் பள்ளி. அங்கே தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுதிப் பழகுவதற்கு நிலத்தெழுத்து என்று பெயர். கை தேறிய பிறகுதான் ஓலையும் எழுத்தாணியும் கிடைக்கும். தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளியிலும் இதே வரிசைதான்: முதலில் மணல், பிறகு ஓலை. அரிசியில் எழுதும் குழந்தைக்கு அந்த எழுத்தின் ஒலியோ பொருளோ அன்று தெரியாது. தெரிவது ஒன்றுதான். விரல் அசைந்தால் தடம் விழுகிறது. அந்தத் தடத்தைச் சுற்றியிருப்பவர்கள் கண்டுகொள்கிறார்கள். 13-ஆம் முனையில் விளக்கு மினுங்கும்போது பதினைந்து வயதுப் பிள்ளைக்குக் கிடைப்பதும் இதே அறிவுதான்.

சடங்கையும் தொழில்நுட்பத்தையும் இப்படி முடிச்சுப் போடலாமா என்று கேட்பது நியாயம். எழுத்தினிருத்தில் வழிபாடு உண்டு, குடும்பத்தின் மகிழ்ச்சி உண்டு. போர்டில் அவை இல்லை. நான் ஒப்பிடுவது புனிதத்தை அல்ல, முதல் பாடத்தின் வேலையை. அந்த ஒப்பீட்டுக்குச் சடங்கே இல்லாத ஒரு சான்றும் கொச்சிப் பக்கத்திலேயே இருக்கிறது. தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலான 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் வெளிவந்தது. பதினாறே பக்கம். அதற்கு அடுத்த ஆண்டு, 1579 நவம்பரில், ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் பாதிரியாரின் 'கிரிசித்தியானி வணக்கம்' கொச்சியிலேயே அச்சாயிற்று. மார்கோஸ் ஜோர்ஜ் போர்ச்சுக்கீசிய மொழியில் எழுதிய, ஆசிரியரும் மாணவரும் கேட்டுச் சொல்லும் வடிவிலான நூலின் தமிழாக்கம் அது. நூற்றுக்கு மேற்பட்ட பக்கங்கள். முதலில் சிறு நூல், வழி திறந்தது உறுதியான பிறகு பெரிய நூல். கொல்லத்துச் சிறு நூல் தன் கடைசிப் பக்கத்தில் கோவாவில் வார்த்த எழுத்துகளையும் கொல்லத்தில் வார்த்த எழுத்துகளையும் மாதிரிக்கு அச்சிட்டுக் காட்டியது. 'இதோ, எங்கள் அச்சு விழுகிறது' என்று உலகுக்குக் காட்டிய பக்கம் அது. ஈயத்தில் வார்த்த தமிழ் எழுத்துக்கு அதுதான் மினுங்கும் விளக்கு.

மணலை முதல் பாடத்துக்கு ஏற்றதாக்கிய இன்னொரு குணம், அதை அழிக்க முடியும் என்பது. ஓலையில் தவறாகக் கீறினால் ஓலை வீண். மணலில் தவறினால் உள்ளங்கையால் ஒரு தடவு, மீண்டும் எழுதலாம். தவறுக்கு விலை இல்லாத இடத்தில்தான் தொடக்கக்காரர் துணிந்து கை வைப்பார். மைக்ரோகன்ட்ரோலரின் வரலாற்றிலும் இது உண்மை. நிரலை அழித்து எழுதக்கூடிய பழைய சில்லுகளின் தலையில் ஒரு கண்ணாடிச் சன்னல் இருக்கும். புற ஊதா விளக்கின் அடியில் பதினைந்து இருபது நிமிடம் வைத்தால்தான் பழைய நிரல் அழியும். அதை எழுதத் தனிக் கருவியும் வேண்டும். நம் பாலிடெக்னிக்குகளிலும் பொறியியல் கல்லூரிகளிலும் ஒரு தலைமுறை முழுவதும் பழகியது 8085 கிட். 1970-களின் இன்டெல் சில்லு அது. அதில் முதல் பயிற்சி பெரும்பாலும் இரண்டு எண்களைக் கூட்டுவது. கட்டளை ஒவ்வொன்றுக்கும் உரிய குறியெண்ணை அட்டவணையில் தேடித் தாளில் எழுதிக்கொண்டு, ஹெக்ஸ் கீபேடில் 3ஏ, 32, 76 என்று ஒவ்வொன்றாய்த் தட்டி, கடைசியில் ஒரு நினைவக முகவரியைத் திறந்து விடையைப் பார்க்க வேண்டும். அந்தப் பயிற்சி சில்லின் உள்ளுறுப்புகளை நன்றாகக் கற்பித்தது. ஆனால் விடை எண்ணாகவே பிறந்து எண்ணாகவே முடிந்தது. கிட்டை விட்டு வெளியே உலகில் எதுவும் அசையவில்லை. கிட் பூட்டிய ஆய்வகத்தில் இருந்தது; வாரத்துக்கு ஒருமுறை, கூட்டமாக ஒரு மேசையைச் சுற்றி நின்று, ஒருவர் தட்ட மற்றவர்கள் பார்த்தார்கள்.

அந்தப் பூட்டைத் திறந்தவர்கள் கலைஞர்களுக்குப் பாடம் சொல்ல வேண்டியிருந்த ஆசிரியர்கள். இத்தாலியில் ஒலிவெட்டி தட்டச்சுப் பொறிகளின் ஊரான இவ்ரேயாவில் ஒரு வடிவமைப்புக் கல்லூரி இருந்தது. மாணவர்கள் பயன்படுத்திய பேசிக் ஸ்டாம்ப் என்ற போர்டு அவர்கள் கைக்கு எட்டாத விலையில் இருந்தது. கொலம்பியாவைச் சேர்ந்த எர்னாண்டோ பர்ராகான் என்ற மாணவர் தம் ஆய்வேட்டுக்காக 'வயரிங்' என்ற போர்டையும் அதற்கான எளிய மொழியையும் உருவாக்கினார். முனையை உயர்த்து, தாழ்த்து, பொறு என்ற சொற்கள் அவருடையவை. அந்த அடித்தளத்தின் மேல் 2005-இல் மாசிமோ பான்ஸி, டேவிட் குவார்ட்டியெல்லஸ் முதலியோர் இன்னும் மலிவான போர்டு ஒன்றைச் செய்து, ஊரில் இருந்த மதுக்கடையின் பெயரால் ஆர்டுவினோ என்று அழைத்தார்கள். பர்ராகானின் பங்கு நெடுநாள் உரிய அளவுக்குப் பேசப்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வடிவமைப்பை எவரும் எடுத்துச் செய்யலாம் என்று திறந்துவிட்டார்கள். தொடக்க காலப் போர்டுகளில் 13-ஆம் முனைக்கு மட்டும் மின்தடையை உள்ளேயே வைத்தார்கள். மாணவர் எல்இடியின் இரு கால்களை நேராகச் செருகினால் போதும். பின்னர் விளக்கையே போர்டில் பதித்துவிட்டார்கள். நிரலை யுஎஸ்பி வழியாகச் சில நொடியில் மாற்றலாம். சில்லின் நினைவகம் பத்தாயிரம் முறை அழித்தெழுதத் தாங்கும். சிலிக்கான் மீண்டும் மணலாயிற்று எனலாம். மூலப்பொருளால் மட்டுமல்ல, குணத்தாலும்.

இனி இந்தக் கதையின் கடினமான பகுதிக்கு வருவோம். மணல் எல்லோருக்கும் மணல்தான். ஆனால் மணலில் எழுதும் அனுமதி எல்லோருக்கும் இருக்கவில்லை. கொச்சி சமஸ்தானத்தில் டாசன் என்ற பாதிரியார் மட்டாஞ்சேரியில் ஆங்கிலப் பள்ளி திறந்தது 1818-இல். அதற்குப் பிறகு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கடந்தும், 1913-இல், எர்ணாகுளத்தில் கூட்டம் போட ஒடுக்கப்பட்ட புலையர் மக்களுக்கு ஒரு முழம் நிலம் கிடைக்கவில்லை. அவர்கள் வள்ளங்களைக் காயலில் சேர்த்துக் கட்டி, அவற்றின் மேல் கூடினார்கள். பண்டிட் கறுப்பன் துணை நின்ற அந்தக் காயல் சம்மேளனத்தின் ஊக்கத்தில் வளர்ந்த குடும்பத்துப் பெண் தாட்சாயணி வேலாயுதன். 1912-இல் எர்ணாகுளத்துக்கு எதிரே முளவுகாடு தீவில் பிறந்தவர். 1935-இல் வேதியியலில் பட்டம் பெற்றவர். பின்னர் அரசியல் நிர்ணய சபையில் அமர்ந்தவர். கல்லூரி ஆய்வகத்தில் ஆசிரியர் அவருக்குச் சோதனைகளைச் செய்து காட்ட மறுத்தார் என்றும், அவர் தொலைவில் நின்று பார்த்தே கற்றார் என்றும் அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். பாடநூல் அவருக்குக் கிடைத்தது, தேர்வு எழுத முடிந்தது, பட்டமும் கிடைத்தது. எட்டாமல் போனது கைக்கும் குடுவைக்கும் நடுவே இருந்த சில அடி தூரம் மட்டும். அந்தச் சில அடிகளைத்தான் முதல் பாடம் கடக்க வைக்கிறது. கற்றலில் மிகச் சிறியது என்று நாம் நினைக்கும் பகுதியைத்தான் ஒடுக்குமுறை கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. அதன் மதிப்பை இதைவிடத் தெளிவாக வேறெதுவும் காட்டாது.

இந்தப் பின்னணியில் கேரளப் பள்ளிகள் கடந்த கால் நூற்றாண்டில் நடந்த பாதையைப் பார்க்க வேண்டும். 2001-இல் ஐடி@ஸ்கூல் திட்டம் தொடங்கியது. சில ஆண்டுகளில் பள்ளிக் கணினிகள் கட்டற்ற மென்பொருளுக்கு மாறின; அதாவது திறந்து பார்க்கவும் மாற்றவும் கூடிய மென்பொருளே பாடத்தின் அடிப்படை என்று ஓர் அரசு முடிவெடுத்தது. 2017-இல் அத்திட்டம் கைட் என்ற நிறுவனமாயிற்று. 2018-இல் ஏறத்தாழ 2,000 பள்ளிகளில் லிட்டில் கைட்ஸ் என்ற மாணவர் மன்றங்கள் வந்தன. 2022 டிசம்பரில் 2,000 பள்ளிகளுக்கு 9,000 ரோபோட்டிக்ஸ் பெட்டிகள். 2025-இல் பத்தாம் வகுப்பு முழுவதற்கும் பாடம். வரிசையைக் கவனித்தால் வட்டம் விரிவது தெரியும். மன்றத்தில் சேர நுழைவுத் தேர்வு உண்டு. ஆர்வமும் திறமையும் வெளிப்பட்டவர்களுக்கே அங்கே இடம். பாடநூலுக்கு அப்படித் தேர்வு இல்லை. ஆர்வம் இருப்பவர்களுக்கு வாய்ப்பு தந்தால் போதாதா என்று கேட்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். தொட்டுப் பார்க்காத ஒன்றில் ஆர்வம் எங்கிருந்து வரும்? அக்கம்பக்கத்தில் பொறியாளர் இருக்கும் பிள்ளைக்கு ஆர்வம் தானாக முளைக்கும். இல்லாத பிள்ளைக்குப் பள்ளிதான் முதல் விதை போட வேண்டும்.

மன்றங்களும் வீண் போகவில்லை. லிட்டில் கைட்ஸ் பிள்ளைகள் தாம் கற்றதை மற்ற பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளையின் வேலை இது. இந்த முறை ஒருமுறை உலகம் சுற்றியும் வந்திருக்கிறது. 1789 முதல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லம் ஒன்றைக் கவனித்துவந்த ஆண்ட்ரூ பெல், பக்கத்தில் ஒரு நாட்டுப்பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். உடனே தம் பள்ளியிலும் மணலைக் கொண்டுவந்தார். பெரியவர்கள் தயங்கியபோது ஒரு சிறுவனையே மற்றச் சிறுவர்களுக்கு ஆசிரியனாக்கினார். 1797-இல் லண்டனில் அவர் வெளியிட்ட சிறு நூலால் இது 'மெட்ராஸ் முறை' என்று பெயர் பெற்று இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் பரவியது. மணலும் சட்டாம்பிள்ளையும் சேர்ந்தே பயணம் போனது தற்செயல் என்று தோன்றவில்லை. அழித்தெழுதக்கூடிய மலிவான கருவியும் சொல்லித்தரும் மூத்த பிள்ளையும் இருந்தால், ஆசிரியர் குறைவாக உள்ள இடத்திலும் முதல் பாடம் நடக்கும். மலிவான போர்டும் லிட்டில் கைட்ஸ் பிள்ளையும் அதே கூட்டணிதான்.

எதிர்வாதங்களில் வலுவானது இது: பிள்ளைகள் பாடநூலில் உள்ள வரிகளை அப்படியே பிரதி எடுக்கிறார்கள், விளக்கு மினுங்குகிறது, கைதட்டுகிறார்கள், இதில் கற்றல் எங்கே? இப்போது இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது: கேட்டால் செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதித் தரும் காலத்தில் இந்த நான்கு வரியைக் கையால் எழுதுவானேன்? பிரதி எடுத்ததோடு பாடம் முடிந்தால் முதல் கேள்வி சரியே. அரிசியில் எழுதிவிட்டுக் குழந்தையைப் பிறகு பள்ளிக்கே அனுப்பாத குடும்பத்தைப் போன்றது அது. ஆனால் மினுங்கும் விளக்கு தன் இரண்டாம் பாடத்தைத் தானே வைத்திருக்கிறது. 1000 என்பதை 100 ஆக்கினால் என்ன ஆகும்? 10 ஆக்கினால் விளக்கு அணையாமலே எரிவதுபோல் ஏன் தெரிகிறது? அந்தக் கேள்வியில் கண்ணின் இயல்பு பற்றிய அறிவியல் தொடங்குகிறது. செயற்கை நுண்ணறிவு பற்றிய இரண்டாம் கேள்விக்குப் போர்டே விடை சொல்லும். நிரலை எழுதித்தரும் மென்பொருளால் ஒயர் தளர்ந்திருப்பதைத் தொட்டுப் பார்க்க முடியாது. எல்இடியின் நீளக் காலும் குட்டைக் காலும் மாறிவிட்டதை உணர முடியாது. நிரல் சரி, விளக்கு எரியவில்லை என்ற நிலையில் குற்றம் வரியிலா, ஒயரிலா, சில்லிலா என்று ஒவ்வொன்றாய் விலக்கிக் கண்டுபிடிக்கும் பழக்கத்தைக் கை மட்டுமே கற்கும். எழுதித்தரும் கருவிகள் பெருகப் பெருக, எழுதியது உலகில் வேலை செய்கிறதா என்று சோதிக்கத் தெரிந்தவரின் தேவை கூடும்.

இன்னொரு வாதம் தன்மானத்திலிருந்து எழுகிறது: போர்டின் கருத்து இத்தாலியது, சில்லு வெளிநாட்டது, கட்டளைச் சொற்கள் ஆங்கிலம், இதில் நம்முடையது என்ன? இந்தக் கவலையை நான் மதிக்கிறேன். கேரளம் 1973-இலேயே கெல்ட்ரானைத் தொடங்கி மின்னணுப் பொருள்களைச் சொந்தமாகச் செய்ய முனைந்த மாநிலம். சில்லு செய்யும் திறன் நமக்கு வேண்டும் என்பதில் மறுப்பில்லை. ஆனால் அச்சு இயந்திரமும் கடல் கடந்துதான் வந்தது. தமிழ் எழுத்துகளை வார்த்த பிறகு அது தமிழின் கருவியாயிற்று. கேரளத்தின் தகவல் தொழில்நுட்பப் பாடநூல்கள் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் கன்னடத்திலும் அச்சாகின்றன. தமிழ்வழியில் படிக்கும் ஒரு பிள்ளை அங்கே சென்சாரையும் மோட்டாரையும் பற்றித் தமிழிலேயே படிக்கலாம். நான்கைந்து ஆங்கிலக் கட்டளைகள் அதற்குத் தடையில்லை. அந்தக் கட்டளைகள் என்ன செய்கின்றன என்ற விளக்கம் தாய்மொழியில் இருப்பதுதான் முக்கியம். உண்மையான குறை வேறு இடத்தில் இருக்கிறது. பெட்டிகள் அலமாரியிலேயே பூட்டிக் கிடந்தாலோ, பழுதான ஒயருக்கு மாற்று வாங்கப் பணம் இல்லாவிட்டாலோ, ஆசிரியரே போர்டைத் தொடத் தயங்கினாலோ, பாடநூலில் வந்த உரிமை கைக்கு வந்து சேராது. தொலைவில் நின்று பார்த்துக் கற்கும் நிலை வேறு வடிவத்தில் திரும்பிவிடும். அரசிடம் நாம் கேட்க வேண்டிய கணக்கு எத்தனை பெட்டி கொடுத்தீர்கள் என்பதோடு நிற்கக் கூடாது. எத்தனை பிள்ளைகள் தம் கையால் அந்த 1000-ஐ மாற்றிப் பார்த்தார்கள் என்றும் கேட்க வேண்டும்.

மட்டாஞ்சேரி மணிக்கூண்டு அதைப் பார்த்தவர்களிடம் எண்களைப் படிக்க மட்டுமே சொன்னது. ஒரு நொடி எவ்வளவு நீளம் என்பதை உள்ளிருந்த சக்கரங்கள் முடிவு செய்தன. சக்கரங்களை வேறு யாரோ முடிவு செய்தார்கள். போர்டின் முன் அமர்ந்த பிள்ளை இரண்டு இடத்திலும் 1000-ஐ அழித்து 500 என்று எழுதி, நிரலை மீண்டும் ஏற்றுகிறது. விளக்கு முன்னைவிட இருமடங்கு விரைவாக மினுங்குகிறது. அந்தப் பிள்ளையின் விரல் முதன்முறையாகச் சக்கரத்தின் மேல் பட்டிருக்கிறது.